வலி நீங்கிய கால்



தில்லியில் மகனுடன் வசிக்கும் மூதாட்டி ஒருவர் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்து முறிந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார் என வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில், "வலிக்கிறதா?" எனத் தாதி இந்தியில் வினவுகிறார். மூதாட்டி இல்லையெனத் தலையசைக்கிறார். தாங்கலாக ஒருவர் மட்டும் நிற்க, அவர் காலை ஊன்றுகிறார், முழங்கால் மடங்கிவிடுகிறது. வலியற்ற கால் வலுவுள்ள கால் ஆகிவிடுமா?

தொடையின் முன்புறத்தில் இறங்கும் தொடை நரம்புக்கு இரு பணிகள் உண்டு. இடுப்பு மூட்டின் வலியை மூளைக்கு அறிவிப்பதில் அதற்குப் பங்குண்டு. முழங்காலை நிமிர்த்தும் முன்தொடைத் தசையை இயக்குவதும் அதுவே. அந்நரம்பைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்தினால், வலி அடங்குவதோடு தசையும் தளரலாம்.

எவ்வளவு தளரும் என்பது பெரிதும் மருந்தின் செறிவைப் பொறுத்தது. வலியைச் சுமக்கும் நரம்பிழைகள் மெல்லியவை; தசையை இயக்குபவை பருத்தவை. பொதுவாக, முன்னவற்றை அடக்கக் குறைந்த செறிவே போதும். 1957இல் உருவான பூபிவகெய்ன், 1990களில் வழக்கிற்கு வந்த ரோபிவகெய்ன் ஆகியவற்றை 0.5 சதவிகிதச் செறிவில் செலுத்தினால் தசை பெரிதும் சோர்ந்துவிடும். இந்நிலை மறுநாள் வரையிலும் நீடிக்கலாம். ரோபிவகெய்னை 0.2 சதவிகிதமாக நீர்க்கச் செய்தால் வலு ஓரளவு எஞ்சும். ஆயினும் செலுத்தும் மொத்த மருந்தின் அளவும் கணக்கிற்குரியதாதலால், நீர்த்த மருந்தும் தளர்ச்சி தரக்கூடும். மூட்டிற்குச் செல்லும் சிறு கிளைகளை மட்டும் நாடும் முறையொன்று 2018இல் விவரிக்கப்பட்டது. அதிலும் மருந்து பரவினால் தசை தளர்வதுண்டு.

அவ்வாறாயின் மருந்தையே தவிர்க்கலாமே எனின், அது தகாது. வலி மிகுந்தால் முதியோர் அசையாமல் கிடப்பர். படுக்கைப் புண்ணும் இரத்தக் கட்டும் நிமோனியாவும் அவர்களை நாடும். விரைவில் எழுந்து நடக்கவேண்டும். ஆனால் விழாமல் நடக்கவேண்டும்.

எனவே, நிற்கச் செய்யுமுன், படுத்த நிலையிலேயே முழங்காலை நிமிர்த்திக் குதிகாலைத் தூக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். இயலவில்லையெனில் அவசரம் வேண்டாம். மருத்துவர் இசைந்த பின்னரே, இருபுறமும் தாங்கலுடன் எழுப்பலாம்.

வேற்று மொழி வழங்கும் ஊரில், "கால் மரத்துக் கிடக்கிறது, தூக்க முடியவில்லை" என்று தாயார் தமிழில் சொல்வது தாதியின் செவியில் விழுந்தும் பயனில்லாது போகலாம். அச்சொற்களை அவ்வூர் மொழியில் எடுத்துரைப்பது மகனின் கடமை. வலி உண்டா என்பதோடு வலு உண்டா என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வி மற்றுமொரு முறிவைத் தடுக்கக்கூடும்.