பழைய காரும் பெரிய குடும்பமும்

எங்கள் ஊர்களில் மாடு வாங்கப் புறப்படுபவர் தனியே போவதில்லை. சுழி பார்க்கத் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்; நடக்கவிட்டுப் பார்ப்பார்; பால் கறந்தும் பார்ப்பார். அதன் பின்னரே விலை பேசுவார். ஆனால், அம்மாட்டிலும் பன்மடங்கு விலையுள்ள மோட்டார் வாகனத்தை வாங்கும்போதோ, வெயிலில் மின்னும் வர்ணத்தைக் கண்ட மாத்திரத்தே முற்பணத்தை நீட்டிவிடுகிறோம். ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சேமிப்பு ஒரு மாலைப் பொழுதில் கைமாறிவிடுகிறது. ஆதலின், பொருட்களும் ஏற்றத்தக்க, கைக்கெட்டிய விலையுள்ள, முன்னர் ஒருவர் பாவித்த குடும்ப வாகனத்தைத் தெரிவுசெய்வது எவ்வாறு என்பது பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பழைய வாகனம் என்பது நம் நாட்டில் ஏழைமையின் அடையாளம் அன்று, நிலைமையின் விளைவு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில், நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. பத்து வருடம் பழகிய கார், தன் சொந்தக்காரர் வாங்கிய விலையிலும் கூடுதலாக விலைபோன புதுமையையும் கண்டோம். தடை நீங்கிய பின்னரும் வரிகளோடு சேர்ந்து வரும் புதிய வாகனத்தின் விலை, மாதச் சம்பளக்காரரின் கைக்கு எட்டும் உயரத்தில் இல்லை.

பழைய வாகனத்தோடு வாழும் கலை யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஒஸ்ரின் சமசெற், மொறிஸ் மைனர் ஆகியவை பிறந்த நாட்டில் காட்சிப் பொருள்களான பின்னரும் எங்கள் தெருக்களில் வாடகைக் கார்களாக உழைத்தன. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத நாட்களில், சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் அதே கார்களை ஓட்டினார்கள். நோயாளரையும் மணமக்களையும் அவையே சுமந்தன. அவை அழகினால் பிழைக்கவில்லை. எளிய அமைப்பு, ஊரிலேயே திருத்தக்கூடிய பாகங்கள், சுமை தாங்கும் உடல் ஆகிய மூன்றினாலும் பிழைத்தன. இன்று வாகனம் தேடுபவரும் இம்மூன்றையுமே முதலில் தேடவேண்டும்.

இனி, என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 2016ஆம் ஆண்டு, கடன் பெற்று ஒரு கார் வாங்கினேன். பின்புறம் தனிப் பெட்டி நீண்டு, வெள்ளை வர்ணம் மின்னும் அழகிய கார். அதிபர் ஒருவருக்குத் தகுந்த வாகனம் என்று அயலவர் சொன்னபோது உள்ளம் குளிர்ந்தது. இரண்டு ஆண்டுகளின் பின், என் தாயார் முற்றத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சக்கர நாற்காலி அவருக்குக் காலாயிற்று. அந்த நாற்காலியை மடித்து டிக்கியில் வைக்க முயன்றபோதுதான் என் அறியாமை வெளிப்பட்டது. டிக்கியின் உள்ளே இடம் தாராளமாக இருந்தது. ஆனால் அதன் வாய் சிறிது. 24 அங்குல விட்டமுள்ள சக்கரம் விளிம்பில் முட்டி நின்றது. கயிற்றால் கட்டி, மூடியைத் திறந்தபடியே சில தடவைகள் போனோம். ஒருநாள் மழையில் நாற்காலி நனைந்தது. அதன்பின், எங்கே போவதற்கு ஆயத்தமானாலும், "தம்பி, நீ பிள்ளைகளோடை போட்டு வா, நான் வீட்டிலை இருக்கிறன்" என்று தாயார் சொல்லத் தொடங்கினார். வாகனம் இருந்தது, அவருக்கு அதில் இடமில்லை. அந்தச் சொல் என்னைச் சுட்டதுபோல வேறெதுவும் சுட்டதில்லை.

2019இல் அக்காரை நட்டத்துக்கு விற்றேன். இரண்டாவது வாகனம் பார்க்கப் போனபோது என் மனைவி, அளவு நாடாவோடு நில்லாது, அந்தச் சக்கர நாற்காலியையே முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். விற்பவர் சிரித்தார். அவர் சிரிக்கட்டும். ஏற்ற வேண்டிய பொருளை ஏற்றிப் பார்த்து வாங்குவதைக் காட்டிலும் சிறந்த பரிசோதனை கிடையாது என்பதே நான் கற்ற முதற் பாடம்.

நேயர்களே, டிக்கியின் கொள்ளளவை லீற்றர்க் கணக்கில் சொல்வதைக் கண்டு மயங்காதீர்கள். நாம் ஏற்றுவது தண்ணீரன்று. கதவின் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, ஏற்றும் விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது, பின் ஆசனம் மடிந்தால் தளம் சமமாகிறதா, இரு சக்கர மேடுகளுக்கும் இடையே எத்தனை அங்குலம் உண்டு ஆகிய ஐந்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன்னாளில் எரிவாயுவில் ஓடும்படி மாற்றப்பட்ட கார்களில் வாயுக்கலன் டிக்கியின் பெரும்பகுதியை விழுங்கியிருப்பதும் உண்டு. அதையும் திறந்து பாருங்கள்.

இத்தேவைக்கு ஏற்ற உருவங்கள் மூன்று. முதலாவது, கூரை பின்வரை நீண்டு, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் 'வாகன்' வகை. 1980களின் டொயோட்டா கொரோலா டி.எக்ஸ். வாகன், அதன்பின் நிசான் ஏ.டி. வாகன், 2002இல் அறிமுகமான டொயோட்டா புறொபொக்ஸ் ஆகியவை இக்குலத்தைச் சேர்ந்தவை. புறொபொக்ஸ் யப்பானில் வியாபாரிகளின் பாவனைக்கென்றே பிறந்தது. அதன் பின் ஆசனத்தை மடித்தால் ஏறத்தாழ ஆறடி நீளத் தளம் கிடைக்கும். அதில் அழகு குறைவு, பயன் மிகுதி. இதே குலத்தில், ஆசன வசதி கூடிய கொரோலா ஃபீல்டர், ஹொண்டா ஃபிட் ஷட்டில் முதலியனவும் உள. இரண்டாவது, உயரமான சிறிய கார். ஹொண்டா ஃபிட் காரில் எரிபொருள் தாங்கியை முன் ஆசனங்களின் கீழே அமைத்தமையால், பின் ஆசனம் தாழ மடிந்து, வெளித்தோற்றத்தை விஞ்சிய இடம் தருகிறது. மூன்றாவது, வான். இடம் மிகுதி, ஆயின் எரிபொருளும் மிகுதியாகவே கேட்கும். ஆறு பேருக்கு மேற்படாத குடும்பத்துக்கு வான் வேண்டுமா என்பதை இருமுறை சிந்திக்க வேண்டும். 2022இல் எரிபொருள் அட்டை முறை வந்தபோது, கார்களுக்கு முதலில் வாரம் 20 லீற்றரே ஒதுக்கப்பட்டது. அந்த 20 லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்ற கணக்கு அன்று ஒவ்வொரு வீட்டிலும் போடப்பட்டது. வாகனம் வாங்கும் முன்னரே அக்கணக்கைப் போட்டுவைப்பது புத்தி.

கலப்பு மின்சார வாகனங்களைப் பற்றியும் ஒரு சொல். அவை எரிபொருளை மிச்சம் பிடிப்பது உண்மை. ஆனால் அவற்றின் பெரிய பற்றறி மூப்படைந்தால் மாற்றும் செலவு கடுமையானது. சிலவற்றில் அப்பற்றறி சாமான் தளத்தின் கீழேயே இருக்கிறது. பற்றறியின் ஆரோக்கியத்தைக் கருவியால் சோதித்து அறியாமல் அவ்வகையை வாங்கலாகாது.

அடுத்து, வாகனத்தைப் பரிசோதிக்கும் முறை. காலையில் போங்கள், நல்ல வெளிச்சத்தில் போங்கள், மழையில் நனைந்த வாகனத்தைப் பார்க்காதீர்கள், நீர் எல்லாக் குறையையும் மினுக்கி மறைக்கும். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் உண்மை பேசும். நீல நிறப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது. கறுப்புப் புகை எரிபொருள் வீணாவதைக் காட்டும். சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை நில்லாவிட்டால், குளிரூட்டும் நீர் எஞ்சினுள் புகுந்திருக்கக் கூடும். ஒயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த கோப்பிபோலப் படிந்திருந்தாலும் அதே ஐயம் எழும்.

சுமை ஏற்றிய வாகனத்தின் கதை அதன் பின்பாதியில் எழுதப்பட்டிருக்கும். கம்பளத்தை உயர்த்துங்கள், மேலதிகச் சில்லை வெளியே எடுங்கள். அதன் குழியில் துருவோ சேறோ உண்டா என்று பாருங்கள். கடற்காற்று வீசும் எங்கள் பகுதிகளில் துரு ஒரு நோய். தகரத்தின் மேலே வர்ணம் பூசி அதை மறைப்பது எளிது. வாகனத்தைச் சமதரையில் நிறுத்திப் பத்தடி பின்னே நின்று நோக்குங்கள். வெறுமையாய் நிற்கும்போதே பின்பகுதி தாழ்ந்திருப்பின், அது அளவுக்கு மேற் சுமந்து களைத்த வாகனம். பின்கதவு தானே மேலே நிற்கிறதா, அதன் றப்பர் விளிம்பு முழுமையாக இருக்கிறதா என்றும் சோதியுங்கள். பழுதுற்ற றப்பர் வழியே மழைநீர் மட்டுமன்றி, புகைக்குழாயின் நச்சுவாயுவும் உள்ளே வரும். பின்னால் உறங்கும் குழந்தைக்கு அது பேராபத்து.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்த ஒரு சிறு வட்டம் உண்டு. 2319 என்றிருப்பின் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். தோற்றத்தில் புதிதாயினும் வயதில் மூத்த ரயர் சுமையின் கீழ் வெடிக்கும். கிலோமீற்றர் காட்டும் எண்ணை மாத்திரம் நம்பவேண்டாம். பாதமிதியின் தேய்வும், சாரதி ஆசனத்தின் கிழிசலும் அந்த எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிடுங்கள். கடைசியாக, விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு மெக்கானிக்கின் கராச்சுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பாருங்கள். அதற்கு விற்பவர் மறுப்பாராயின், அம்மறுப்பையே பதிலாக ஏற்றுக்கொண்டு வீடு திரும்புங்கள்.

வாகனம் நன்று, தாள்கள் எப்படி? பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் வாகனத்தில் பொறித்த இலக்கங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நிதி நிறுவனம் எதுவும் முழு உரிமையாளராகப் பதியப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அவ்வாறாயின், கடன் தீர்ந்து அப்பெயர் நீங்கும்வரை முழுப் பணத்தையும் கொடுக்கலாகாது. பதிவு பெற்ற உரிமையாளர் ஒருவர், கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு விற்பவர் வேறொருவர் என்ற நிலை நம்மிடையே மலிந்துள்ளது. இடையில் அந்த உரிமையாளர் வெளிநாடு போனாலோ, காலமானாலோ, வாங்கியவர் அலைய வேண்டியதுதான். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடனே பெயர் மாற்றுங்கள். வாகனம் காராகப் பதியப்பட்டுள்ளதா, இரட்டைப் பயன்பாட்டு வாகனமாகப் பதியப்பட்டுள்ளதா என்பதையும் நோக்குங்கள். ஆண்டுதோறும் கட்டும் வருமான அனுமதிப்பத்திரக் கட்டணமும் காப்புறுதியும் வகையைப் பொறுத்தவை. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இன்றி அவ்வனுமதிப்பத்திரம் கிடையாது.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கையேனும் ஒதுக்கிவையுங்கள். ரயர், பற்றறி, தடுப்புக் கட்டைகள், பட்டிகள் எனப் பழைய வாகனம் முதல் ஆண்டிலேயே தன் பங்கைக் கேட்கும். அதைக் கொடுக்க வழியில்லாதபோதுதான் நல்ல வாகனமும் கெட்ட வாகனமாகிறது.

வாங்கிய பின்னரும் ஓர் எச்சரிக்கை. இடம் இருக்கிறது என்பதற்காகச் சுமை ஏற்றக்கூடாது. 50 கிலோ சீமெந்துப் பை ஐந்து ஏற்றினால் 250 கிலோ. அதன்மேல் ஐந்து பேரும் அமர்ந்தால் தடுப்பு தாமதிக்கும். முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பின்னே வைத்த பொருளைக் கட்டி வையுங்கள். திடீரென நிறுத்தும்போது, கட்டாத எரிவாயுச் சிலிண்டர் முன்னிருப்பவரின் தலையைத் தேடி வரும்.

நாங்கள் தெரிந்தெடுத்த வாகனத்தைக் கண்டு என் மகன் முகம் சுளித்தான். "அப்பா, இது கடைக்காரர் சாமான் ஏற்றுகிற வாகனம் அல்லவா?" என்றான். "ஆம், அப்பம்மாவையும் ஏற்றும்" என்றேன். நாற்காலி தடையின்றி உள்ளே போனது. மருந்துப் பையும், சாப்பாட்டுக் கூடையும், பொங்கலுக்கு அரிசி மூட்டையும் அதன் அருகே இருந்தன. 2023இல் தாயார் இறைவனடி சேரும்வரை மாதாந்தம் வைத்தியசாலைக்கும், பொங்கலுக்குத் தம் தமையனார் வீட்டுக்கும் அதிலேயே போய்வந்தார். "நான் வீட்டிலை இருக்கிறன்" என்ற சொல்லை மறுபடி நாங்கள் கேட்கவில்லை. இன்று அவ்வாகனத்தை வாரம் ஒருமுறை கழுவுபவன் என் மகனே.

நேயர்களே, வாகனம் வாங்கப் புறப்படும் முன்னர், வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும், அவரவர் உடன் கொண்டுசெல்ல வேண்டியதையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் ஒருவர் பெயரும் விடுபடாதிருக்கட்டும். வாகனத்தை அத்தாளுக்கு அமையத் தேடுங்கள். அயலவரின் புகழ்ச்சிக்கு அமையத் தேடாதீர்கள்.