குறுக்கே நகரும் கட்டி



தலைப்பைக் கேட்டதும் நண்பர் ஒருவர், "யாருக்குமே வராத நோயைப் பற்றி யாருக்காகப் பேசப்போகிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்விதான். குடல்தாங்கிச் சவ்வில் உண்டாகும் நீர்க்கட்டி, மருத்துவமனையில் சேரும் பெரியவர்களில் சுமார் 1 லட்சம் பேரில் ஒருவருக்கும், குழந்தைகளில் சுமார் 20,000 பேரில் ஒருவருக்கும் இருக்கும் என்பது பாடநூல் கணக்கு. ஓர் ஊர் மருத்துவர் இதை ஒருமுறைகூடப் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிடலாம். நான் பேச வந்ததே அவருக்காகத்தான். பார்த்திராத நோயை, பார்த்துப் பழகிய நோயின் பெயரைச் சொல்லித்தானே கூப்பிடுவோம்.

இந்தக் கட்டியை முதலில் பதிவு செய்தவர் பிளாரன்ஸ் நகரத்து மருத்துவர் அந்தோனியோ பெனிவியேனி. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் உடலை அறுத்துப் பார்த்தபோது கண்டது அது. எல்லாப் புத்தகங்களும் 1507 என்று ஆண்டு போடுகின்றன. அது நூல் அச்சேறிய ஆண்டு. பெனிவியேனி 1502-லேயே இறந்துவிட்டார். அவர் எழுதி வைத்ததை அச்சுக்குக் கொடுத்தது தம்பி. உயிரோடிருக்கும் நோயாளியிடமிருந்து இதை வெற்றிகரமாக அகற்ற 1880 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் பாரிஸின் தியோ. கணுக்கால் எலும்பு முறிவு ஒன்றுக்கும் அவர் பெயர்தான்; எலும்பு மருத்துவ மாணவர்கள் அந்தப் பெயரை அங்கே சந்திப்பார்கள்.

தியோ நமக்கு விட்டுப்போனது ஒரு விரல் சோதனை. வேட்டிக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகும் இடம் கொஞ்சம்தான், கீழே விரிகிற துணி நிறைய. சிறுகுடலும் அப்படித்தான். ஏறக்குறைய 6 மீட்டர் குடலைத் தாங்கும் சவ்வு, முதுகுப்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் நீளம் வெறும் 15 சென்டிமீட்டர். அந்த ஒட்டுக்கோடு இடது மேல்புறத்தில் தொடங்கிச் சாய்வாக வலது அடிவயிற்றுக்கு இறங்குகிறது. சவ்வுக்குள் வளர்ந்த கட்டி அந்தக் கோட்டுக்குக் குறுக்கே தாராளமாக நகரும். கோட்டின் போக்கில் தள்ளினால் அவ்வளவாக அசையாது. காசு செலவில்லாத சோதனை. ஆனால் ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்த பிறகு யார் வயிற்றில் கை வைக்கிறோம்?

ஸ்கேனைக் குறை சொல்லவில்லை. கட்டியின் சுவர், உள்ளிருக்கும் தடுப்புகள், பக்கத்து உறுப்புகளோடு உறவு எல்லாம் அதில்தான் தெரியும். தொல்லை எங்கே என்றால், மெல்லிய சுவர் கொண்ட மிகப் பெரிய கட்டி ஸ்கேனிலும், வயிற்றுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் மகோதரம் போலவே தோன்றக்கூடும். அப்போது தட்டிப் பாருங்கள். மகோதரத்தில் மல்லாந்து படுத்தவரின் விலாப்புறம் மந்தமாக ஒலிக்கும், நடுவயிறு கணீரென்னும். கட்டியில் பெரும்பாலும் இது தலைகீழ்.

நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது ஒரு சிறுவன் வந்தான். பெருத்த வயிறு, மெலிந்த உடம்பு. காசநோய் மகோதரம் என்று எழுதி, மூத்தவர் சொன்னபடி நான் ஊசி போட்டு நீர் எடுத்தேன். வந்தது பால் போல வெள்ளை. "குளிப்பாட்டும்போது கைக்குள்ள நழுவுது சார்" என்று அவன் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். நான் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதவில்லை. தியோவின் சோதனையைத்தான் அந்தத் தாய் தினமும் செய்துகொண்டிருந்தார் என்று அன்று எனக்குத் தெரியாது.

அந்த ஊசி இன்னும் பெரிய ஆபத்தில் முடிந்திருக்கலாம். நாய்களின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டையால் வரும் ஹைடாடிட் கட்டியும் வயிற்றில் இப்படியே உட்கார்ந்திருக்கும். அதன் நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும். சிந்திய இடத்தில் புதுக் கட்டி முளைக்கலாம். அதற்கு ஊசிவழிச் சிகிச்சை உண்டுதான். தெரிந்தே, மருந்துக் காப்போடு செய்வது அது. தெரியாமல் குத்துவது வேறு.

அறுவைக்கு வருவோம். நீரை உறிஞ்சிவிட்டால் கட்டி மறுபடி நிரம்பும். வாயைத் திறந்து வெளித்தோலோடு தைத்துவிடும் பழைய முறையிலும் அப்படித்தான் திரும்பி வந்தது. முழுதாக எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது ரத்த நாளம். நிணநீர்க் கட்டிக்குப் பொதுவாகத் தனி ரத்த ஓட்டம் இருக்கும். பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுப்பதுபோல உரித்து எடுக்கலாம், குடல் தப்பிக்கும். குடலிலிருந்தே பிறந்த இரட்டைக்குடல் கட்டி, குடலோடு ஒரே நாளத்தில் பங்கு போட்டிருக்கும். அதை உரித்தால் பக்கத்துக் குடல் கருத்துவிடும். அங்கே அந்தத் துண்டுக் குடலையும் சேர்த்து வெட்டி, முனைகளை இணைப்பதே வழி. இன்று இதைப் பலருக்கு லேப்ராஸ்கோப்பில் செய்கிறோம். தள்ளிப் போடுவதில் லாபமில்லை. கட்டியின் கனத்தில் குடல் முறுக்கிக்கொண்டால் நள்ளிரவில் அவசரமாகத் திறக்க வேண்டி வரும்.

அந்தச் சிறுவனுக்கு மூன்றாம் வாரம் அறுவை நடந்தது. நிணநீர்க் கட்டி. நான் கொக்கி பிடித்து நின்றேன். கட்டி முழுவதும் எளிதாகக் கழன்று வந்தது, ஓரிடத்தைத் தவிர. என் ஊசி நுழைந்த இடத்தில் அது வயிற்றுச் சுவரோடு இறுக ஒட்டிக் கிடந்தது. அந்த இரண்டு விரல் அகலத்தைப் பிரிக்கத்தான் அன்று அதிக நேரம் பிடித்தது.