எடுத்தலும் வைத்தலும்

(நமது அறக்கட்டளையின் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘கைப்பேசிக் காலத்தில் படைப்புப் பணி’ என்பது விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு. 33 ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றிய எனக்கு இலக்கணம் பற்றியோ காப்பியம் பற்றியோ பேசச் சொன்னால் எளிதாக இருந்திருக்கும். இத்தலைப்பில் அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. ஆனால் இதில் ஒரு பெரும்பிழை செய்தவள் என்ற தகுதி உண்டு. அப்பிழையிலிருந்தே தொடங்குகின்றேன்.

பணி ஓய்வு பெற்றபோது எனக்கு ஓர் ஆசை இருந்தது. வந்தவாசி வட்டாரத்து நம் ஊர்களில் மூத்த பெண்கள் பாடிவரும் தாலாட்டுகளையும் நலங்குப் பாடல்களையும் நோன்பு நிறைவின்போது பாடும் பாடல்களையும் தொகுத்து நூலாக்க வேண்டும் என்பதே அது. என் பெரியம்மாவிடம் அப்பாடல்கள் ஏராளமாக இருந்தன. அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. நான்கு முறை அவர் ஊருக்குச் சென்று, திண்ணையில் அமர்ந்து, என் கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்தேன். அவற்றுள் ஒரு தாலாட்டு, அவர் தம் தாயிடம் கேட்டது. வேறெவரும் பாடி நான் அதைக் கேட்டதில்லை.

பதிவுகளுக்கு நான் பெயர் இடவில்லை. கருவி தானாக இட்ட எண்களோடு அவை கிடந்தன. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டேன். ஒருநாள் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு நிகழ்ச்சியைப் படம் எடுக்க முயன்றபோது, ‘இடம் இல்லை’ என்று கைப்பேசி அறிவித்தது. அவசரம் அவசரமாகப் பழைய கோப்புகளைத் தெரிவு செய்து நீக்கினேன். எவை போகின்றன என்று பார்க்கவில்லை.

இரண்டு மாதங்களுக்குப் பின் பெரியம்மா மறைந்தார். துக்கத்திற்குச் சென்றிருந்தபோது அவருடைய மகள் என் அருகில் வந்து அமர்ந்து, “அக்கா, அம்மா பாடினத கொஞ்சம் போடுங்க, கேக்கணும்போல இருக்கு” என்றாள். தேடினேன். மூன்று பாடல்கள் கிடைத்தன. அந்தத் தாலாட்டு கிடைக்கவில்லை. என் கைப்பேசியில் நீக்கிய கோப்புகள் குப்பைத்தொட்டியில் 30 நாள்களே தங்கும். அந்நாள்கள் கடந்துவிட்டன.

அன்று இரவு என் கைப்பேசியில் எஞ்சியிருந்தவற்றை எண்ணிப் பார்த்தேன். பதினோராயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை காலை வணக்கப் படங்கள், பொங்கல் வாழ்த்துகள், ஐந்து குழுக்களிலிருந்து ஐந்து முறை வந்த ஒரே காணொளி. இவையெல்லாம் பத்திரமாக இருந்தன. பெரியம்மாவின் குரல்தான் இல்லை.

என் நூலின் நிலையையும் அன்றே பார்த்தேன். குறிப்புகள் ஏழு இடங்களில் சிதறிக் கிடந்தன. இரண்டு குறிப்பேடுகள், மின்னஞ்சல், வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட செய்திகள், மகனின் பழைய மடிக்கணினி, இரண்டு பென் டிரைவுகள். ஐந்து ஆண்டுகளில் எழுதி முடித்திருந்தது ஒன்பது பக்கங்கள். நான் உழைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நாள்தோறும் எதையாவது சேர்த்துக்கொண்டே இருந்தேன். சேர்ப்பதையே எழுதுவதாக எண்ணி நிறைவடைந்துவிட்டேன். படைப்புப் பணியில் ஈடுபடும் எவரும் எளிதில் விழக்கூடிய பள்ளம் இது.

பெரியோர்களே, நம் முன்னோர் வைத்திருந்த ஏட்டுச் சுவடிகளை நினைத்துப் பாருங்கள். ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மை தடவி ஒரு நூலைப் படியெடுக்க வாரங்கள், மாதங்கள் ஆகும். ஓலைக்கும் ஆயுள் உண்டு. செல்லரிக்கும் முன் மீண்டும் படியெடுத்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும், ‘இது அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டியதா?’ என்று கேட்டே கையை வருத்தியது. நூலைப் படியெடுத்து வழங்குவதைச் சாத்திர தானம் என்று நம்மவர் போற்றினர். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்னும் சமணப் பெருமாட்டி, பொன்ன கவியின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். ஆயிரம் நூல்களை அல்ல. ஒரு நூலை ஆயிரம் முறை. எது வாழ வேண்டும் என்பதை அவர் முதலில் முடிவு செய்தார்.

இன்று படியெடுக்க உழைப்பே தேவையில்லை. விரலால் ஒருமுறை தொட்டால் போதும். உழைப்பு நீங்கியபோது, அதனோடு சேர்ந்திருந்த தெரிவும் நீங்கிவிட்டது. அந்தத் தெரிவை நாமே முயன்று திரும்பக் கொணர வேண்டும்.

நிறைய வைத்திருப்பதே குற்றம் என்று நான் கூறவில்லை. உ.வே.சாமிநாதையர் 1880இல் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கி, 1887இல் பதிப்பித்தார். கும்பகோணத்துச் சமணர் இல்லத்திற்குச் சென்று நம் நெறியின் சொற்களையும் மரபையும் அவர் கேட்டறிந்ததை ‘என் சரித்திரம்’ நூலில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அவரிடமும் பல சுவடிகள், பல பாடங்கள் குவிந்தன. ஆனால் அவை யாவும் ஒரு நூலை நோக்கி அடுக்கப்பட்டன. நோக்கம் இருந்தால் குவியல் கருவியாகும். நோக்கம் இல்லையேல் கருவியும் குவியலாகும்.

அந்த இழப்பிற்குப் பின் மூன்று பழக்கங்களை மேற்கொண்டேன். மூன்றும் நமக்குப் பழக்கமான சொற்களிலிருந்து பெற்றவை.

முதலாவது, அளவு. இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் விதிக்கும் ஐந்தாம் அணுவிரதம் பொருளையெல்லாம் துறந்துவிடச் சொல்லவில்லை. பொருளுக்கு ஓர் அளவு வரைந்துகொள்ளச் சொல்கின்றது. பரிக்கிரக பரிமாணம் என்பது அதன் பெயர். எனவே என் நூலுக்குரியவை எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கும் என்று வரையறுத்தேன். வாட்ஸ்அப்பில் வரும் படங்களும் காணொளிகளும் தாமாகவே கைப்பேசியில் இறங்குவதை அதன் அமைப்புகளுக்குள் சென்று நிறுத்தினேன். வேண்டியதைத் தொட்டால் மட்டும் இறங்கும். கூகுள் கட்டணமின்றித் தரும் 15 ஜிபி இடம் மின்னஞ்சல், புகைப்படம், கோப்பு ஆகிய மூன்றுக்கும் பொதுவானது. ஒன்று பெருத்தால் மற்றவற்றுக்கு இடமிராது. இதை அறியாமல் மின்னஞ்சல் வரவில்லை என்று வருந்துவோர் நம்மிடையே பலர்.

இரண்டாவது, எடுத்தலும் வைத்தலும். துறவியர் போற்றும் ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிட்சேபண சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நன்கு பார்த்து, மயிற்பீலியால் மெல்ல நீவி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராமல் செய்யும் கவனம் அது. அது உயிர்களைக் காக்கும் உயர்ந்த ஒழுக்கம், கோப்புகளைப் பற்றியதன்று. ஆயினும் அக்கவனத்தின் ஒரு துளியை நாம் கற்கலாம் அல்லவா? ஒரு குரலைப் பதிவு செய்தால், அந்தத் திண்ணையை விட்டு எழுவதற்கு முன் அதற்குப் பெயர் இடுகின்றேன். முதலில் ஆண்டு, அடுத்து மாதம், நாள். பின்னர் ஊர், பாடியவர், பாடல் வகை. ஆண்டை முதலில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பிறகு மூன்று படிகள் வைக்கின்றேன்: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள மகள் வீட்டில் ஒன்று. நீக்குவதற்கும் ஒரு நேரம் உண்டு. ஞாயிறு மாலை அமர்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தே நீக்குகின்றேன். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு எதையும் நீக்குவதில்லை.

மூன்றாவது, இரண்டு நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை சேர்ந்தால் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். சாமாயிகத்தில் அமர்வோர்க்கு இந்தக் கால அளவு புதிதன்று. சாமாயிகம் முடிந்தபின், இன்னொரு 48 நிமிடத்தை எழுத்துக்கென்று ஒதுக்கினேன். அந்நேரத்தில் கைப்பேசி அடுத்த அறையில் இருக்கும். புதிதாக எதையும் தேடுவதில்லை, சேர்ப்பதில்லை. கையில் உள்ளதைக் கொண்டு எழுதுவது மட்டுமே. ஐயம் தோன்றினால் தாளின் ஓரத்தில் குறித்துவிட்டு மேலே செல்வேன். தொடக்கத்தில் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மனம் அடுத்த அறைக்கு ஓடியது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. இருபது நாள்களுக்குப் பின் அந்த ஓட்டம் குறைந்தது. இன்றும் முற்றிலும் நிற்கவில்லை.

இவ்வாறு பதினான்கு மாதங்களில் 63 பக்கங்கள் எழுதியிருக்கின்றேன். 22 பாடல்கள், பாடியவர் பெயரோடும் பாடும் சூழலோடும் அதில் உள்ளன. முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஒன்பது பக்கங்கள் என்று சொன்னேன். என் அறிவு கூடிவிடவில்லை. வயதுதான் கூடியிருக்கின்றது.

பெரியம்மாவின் தாலாட்டுக்கு நூலில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கின்றேன். அவர் பெயர், ஊர், பாடிய நாள் ஆகியவை அதில் இருக்கும். பாடல் இராது. நினைவிலிருந்து இட்டுக்கட்டி நிரப்ப என் மனம் ஒப்பவில்லை. உங்கள் இல்லத்து மூத்தோர் எவரேனும் அத்தகைய தாலாட்டை அறிந்திருப்பின் எனக்குத் தெரிவியுங்கள். எந்த ஊராயினும் வருகின்றேன்.

இளஞ்செல்வங்களே, இன்று நான் உங்களிடம் வேண்டுவது ஒன்றே. உங்கள் கைப்பேசியிலும் ஒரு பாட்டியின் குரலோ தாத்தா சொன்ன கதையோ பெயரில்லாமல் எங்கோ கிடக்கும். பதினோராயிரம் படங்களையும் இன்றே ஒழுங்குபடுத்த வேண்டியதில்லை. வீடு திரும்பியதும் அந்த ஒரு குரலைத் தேடி எடுங்கள். அதற்கு ஒரு பெயர் இடுங்கள். இன்னோர் இடத்தில் ஒரு படி வையுங்கள். அதன்பின் உறங்கச் செல்லுங்கள்.