வேம்பை வளர்ப்போம், விளங்கிப் பயன்படுத்துவோம்

(தோட்ட மகளிர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப்போவது வேப்பமரத்தைப் பற்றி. "குளிர்ந்த மலையில் இருக்கிற நமக்கு வேம்பு எதுக்குங்க?" என்று சிலர் கேட்கலாம். நம்ம லயங்களில் அநேகம் வீட்டில் வன்னிப் பக்கம் ஓர் உறவு இருக்கிறது. 1958 கலவரத்துக்குப் பிறகும், 1974 பஞ்சத்தின் போதும், 1977, 1983 வன்செயல்களின் பின்பும் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு என்று போய்க் குடியேறினார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற வட்டக்கச்சியும் அதைச் சுற்றிய ஊர்களும் நம்ம ஆட்களுக்குப் புதிது அல்ல. 2009 இல் போரால் அந்த ஊர்ச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் பற்றைக் காடாகிக் கிடந்த வளவுகளைத் துப்புரவாக்கி மறுபடி மரம் வைத்தார்கள். வெயில் கொளுத்துகிற அந்த மண்ணில் வீட்டுக்கு முதல் நிழல் வேம்புதான்.

அங்கே போய்வரும் நம்மவர்கள் வேப்பிலை, வேப்பம்பூ வடகம், வேப்பெண்ணெய்ப் போத்தல் என்று எதையாவது கொண்டு வருகிறார்கள். ஆகவே இரண்டு விஷயம் நமக்குத் தெரிய வேண்டும். ஒன்று, இந்த மரத்தை எப்படி வளர்ப்பது. மற்றது, அதில் எது மருந்து, எது நஞ்சு. இரண்டாவது பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது. பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கே வளரும்?

வேம்பு வெயில் மரம். மழை குறைந்த இடத்திலும் கல்லு மண்ணிலும் மணலிலும் தாக்குப்பிடிக்கும். அது தாங்காதது இரண்டு: தேங்கி நிற்கும் தண்ணீர், கடுங்குளிர். அதனால் நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் வைத்தால் கன்று ஏங்கி ஏங்கிச் செத்துப் போகும். காசையும் நேரத்தையும் வீணாக்க வேண்டாம். வெயில் விழுகிற தாழ்ந்த பகுதித் தோட்டங்களில் மேட்டு நிலம் பார்த்து வைக்கலாம். வட்டக்கச்சியிலும் வயல் ஓரம், வாய்க்கால் கரை போன்ற ஈர நிலத்தை விட்டு, மேட்டு வளவில்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மலைவேம்பு என்று நாம் சொல்லுவது வேறு மரம். வேம்பில் ஒரு காம்பின் இரண்டு பக்கமும் சிற்றிலைகள் நேரே வரிசையாக இருக்கும். மலைவேம்பில் காம்பு கிளைவிட்டு, அந்தக் கிளைகளில் இலை இருக்கும். மலைவேம்புப் பழத்தைப் பிள்ளைகள் சாப்பிட்டால் ஆபத்து. பேர் ஒன்றாக இருக்கிறதே என்று இலையையோ பழத்தையோ மருந்துக்கு எடுக்காதீர்கள்.

விதையும் கன்றும்

வேப்பம் விதை சேமித்து வைக்கிற விதை அல்ல. பழுத்து விழுந்து இரண்டு மூன்று கிழமைக்குள் முளைக்கும் சக்தி வேகமாகக் குறைந்துவிடும். "போன வருஷ விதை போட்டேன், ஒன்றும் முளைக்கல்ல" என்று சொல்லுவதன் காரணம் இதுதான். சித்திரையில் பூத்து, ஆனி, ஆடி மாதங்களில் மஞ்சளாகப் பழுக்கும். அந்தப் பழத்தைப் பொறுக்கி, சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் ஒன்றிரண்டு நாள் உலர்த்தி உடனே போட வேண்டும்.

பொலித்தீன் பையில் மண், மணல், மக்கிய மாட்டெரு மூன்றையும் கலந்து நிரப்புங்கள். அடியில் துளை இருக்க வேண்டும். ஒரு பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழத்தில் படுக்கையாக வைத்து மூடினால் போதும். ஈரம் இருக்கட்டும், சேறு வேண்டாம். இரண்டு கிழமை அளவில் முளை காணும். பிறகு நல்ல கன்று ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். முதலில் அரை நிழல், போகப் போக முழு வெயில்.

வன்னியில் மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆடியில் போட்ட விதை அப்போது மூன்று மாதக் கன்றாக, ஓர் அடி உயரத்துக்கு வந்திருக்கும். இயற்கையே கணக்குப் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது, பாருங்கள். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி, மேல் மண்ணோடு எரு கலந்து நிரப்பி, மழை பிடித்த பிறகு நடுங்கள். வீட்டுச் சுவரில் இருந்தும் கிணற்றில் இருந்தும் இருபது அடியாவது தள்ளி வையுங்கள். பெரிய மரமாகும்போது வேர் சுவரைத் தேடி வரும், இலை கிணற்றில் கொட்டும்.

முதல் இரண்டு வருஷம்தான் கவனிப்பு. கசப்புத்தானே, ஆடு கடிக்காது என்று நினைக்க வேண்டாம். ஆடு வேப்பிலையை விரும்பித் தின்னும். பனைமட்டையாலோ முள்ளாலோ கூடு கட்டுங்கள். வைகாசி தொடக்கம் ஆவணி வரை காய்ந்த காற்று அடிக்கும் காலத்தில் கிழமைக்கு இரண்டு தரம் தண்ணீர் வேண்டும். அடியில் சிறு துளையிட்ட போத்தலில் தண்ணீர் நிரப்பி வேரடியில் புதைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும். வேரடியில் சருகு பரப்பினால் ஈரம் காயாது. காய்ந்த கொப்பையும் அடியில் முளைக்கும் கிளையையும் மட்டும் வெட்டுங்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு இலை ஒடிப்பது நம் வழக்கம். ஆனால் இளமரத்தை மொட்டையடித்தால் அது தேறாது. மூன்று தொடக்கம் ஐந்து வருஷத்தில் மரம் காய்க்கத் தொடங்கும்.

நோய் வராத மரம் என்றும் நினைக்க வேண்டாம். தேயிலைக் கொசு என்கிற பூச்சி வேம்பின் தளிரையும் குத்திச் சாறு உறிஞ்சும். 2021 இல் இந்தியாவின் தெலுங்கானாவில் பெருந்தொகையான வேம்புகள் நுனி கருகி நின்றன. பூஞ்சண நோயும் இந்தப் பூச்சியும் காரணம் என்று கண்டார்கள். கருகிய நுனியைப் பச்சைக் கொப்பு தெரியும் வரை வெட்டி எரித்துவிட வேண்டும்.

நம்ம மரக்கறித் தோட்டத்துக்கு

லயத்துக் கோடியில் கோவா, நோக்கோல், போஞ்சி போடுகிறவர்களுக்கு வேப்பம் விதை நல்ல கைகொடுப்பு. முளைக்க வைக்கத்தான் புது விதை வேண்டும், பூச்சி மருந்துக்கு நிழலில் காய்ந்த விதை போதும். பூஞ்சணம் பிடித்ததைச் சேர்க்காதீர்கள். கோதை நீக்கிய பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் துணியால் வடித்து மூடி வைத்து, மாலையில் கொஞ்சம் சவுக்காரம் கரைத்து, இலையின் அடிப்புறமும் படத் தெளியுங்கள். வெயில் அதன் வீரியத்தைக் கெடுக்கும், ஆகவே மாலைதான் நல்லது. அன்றே தெளித்து முடிக்க வேண்டும். புழு உடனே விழாது. தின்கிறதையும் வளர்கிறதையும் நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

இந்த அறிவு நம் பாட்டன் பூட்டன் அறிவு. வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு 1994 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் ஒரு கம்பெனியும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. இந்தியாவில் இருந்து வந்தனா சிவாவும் இன்னும் சிலரும் எதிர்த்து வழக்காடினார்கள். 2000 இல் அது ரத்தாகி, 2005 இல் மேன்முறையீடும் தள்ளுபடியானது. நம்ம அறிவுக்கு மதிப்பு உண்டு என்பதற்கு இது சாட்சி. அந்த மதிப்பைக் காப்பாற்ற, சரியாகப் பயன்படுத்தவும் தெரிய வேண்டும்.

தாய்மாரே, இதைக் கேளுங்கள்

சளி, இருமல், வயிற்றுப் பூச்சி என்று கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் பருக்குகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். மலேசியாவில் இப்படி எண்ணெய் பருக்கப்பட்ட குழந்தைகள் கடுமையாக நோயுற்றதை வைத்தியர்கள் 1981 இல் உலகத்துக்கு எழுதினார்கள். மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டுச் சில குழந்தைகள் இறந்தன. தமிழ்நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. அந்தத் தாய்மார் யாரும் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை, பாசத்தில் கொடுத்ததுதான். ஒரு தேக்கரண்டியே பச்சைக் குழந்தைக்கு ஆபத்தாகலாம்.

எண்ணெய் குடித்த பிள்ளைக்குச் சில மணி நேரத்தில் வாந்தி வரும், தூங்கி விழும், மூச்சு வேகமாக வாங்கும், வலிப்பு வரும். இந்தக் குறிகள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலோ புளியோ கரைத்துக் கொடுக்காதீர்கள். எண்ணெய்ப் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 இலக்கத்துக்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். "என்ன கொடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டால் ஏச்சுக்குப் பயந்து மறைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால்தான் சரியான வைத்தியம் கிடைக்கும்.

கர்ப்பிணிகளும், பிள்ளை உண்டாக எதிர்பார்க்கிறவர்களும் வேப்பெண்ணெயோ வேப்பிலைக் கசாயமோ குடிக்கக் கூடாது, கரு கலையலாம். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதில் குற்றமில்லை. ஆனால் மூச்சு முட்டினாலோ, காய்ச்சல் தணியாவிட்டாலோ, வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ தாமதிக்காமல் டிஸ்பென்சரிக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, எண்ணெய்ப் போத்தலைச் சமையல் எண்ணெய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். "வேப்பெண்ணெய், குடிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இன்றைக்கே வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய வேலை இது. வட்டக்கச்சிப் பக்கம் உறவு உள்ளவர்கள் அடுத்த தடவை தொலைபேசியில் பேசும்போது விதை போடும் காலத்தோடு இந்த விஷயத்தையும் சொல்லி வையுங்கள். அங்கேயும் கைக்குழந்தைகள் இருக்கின்றன.