விழிப்புக் குழுவில் மக்கள் பிரதிநிதியின் கடமை

(செங்கற்பட்டுக் கோட்டத்தின் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் தொண்டர் குழுவினரும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கொத்தடிமைத் தொழிலாளர் முறையை ஒழிப்பதற்கென அமைந்துள்ள விழிப்புக் குழுவிலே, தொண்டு அமைப்புகளின் சார்பிலும் மக்கள் குழுக்களின் சார்பிலும் அமர்வோர் ஆற்ற வேண்டிய பணி யாது என்பது குறித்துச் சில கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். அந்த இருக்கை மாலை மரியாதைக்குரிய இருக்கை அன்று. வாய் திறக்க அஞ்சுவோருக்காக வாய் திறக்க வேண்டிய இருக்கையாகும். இதுவே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் சட்டத்தைக் காண்போம். நமது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. ஆயினும், முன்பணம் என்னும் கயிற்றால் ஏழையைக் கட்டி வேலை வாங்கும் வழக்கம் நீங்கவில்லை. ஆகவே 1975-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அவசரச் சட்டம் ஒன்றின் வாயிலாகக் கொத்தடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1976 பிப்ரவரியில் அது நாடாளுமன்றத்தின் சட்டமாக நிலைபெற்றது. அச்சட்டத்தின் 13-ஆவது பிரிவு மாவட்டந்தோறும் கோட்டந்தோறும் விழிப்புக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது. மாவட்டத்தில் ஆட்சியரும், கோட்டத்தில் சார் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியரும் தலைவராவர். ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோரிலிருந்து மூவர், சமூகத் தொண்டர் இருவர், ஊரக வளர்ச்சியில் ஈடுபட்டுள்ள அரசு அமைப்புகள் அல்லது அரசு சாரா அமைப்புகளிலிருந்து மூவருக்கு மேற்படாதவர், வங்கி முதலிய கடன் நிறுவனங்களின் சார்பில் ஒருவர், இவர்கள் உறுப்பினராவர்.

இங்கிலாந்து நாட்டில், வலிமை குன்றிய வயது வந்தோரைக் கொடுமையினின்று காக்கும் குழுக்களை 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டாயமாக்கிற்று. அங்கே சட்டப்படி இருந்தே தீர வேண்டியோர் உள்ளாட்சி, மருத்துவத் துறை, காவல் துறை ஆகிய மூவகையினர். நம் சட்டமோ 1976-லேயே பாதிக்கப்பட்ட மக்களின் இனத்தவருக்கும் தொண்டருக்குமாக ஐந்து இடங்களைப் பெயர் சொல்லி ஒதுக்கிவிட்டது. இடம் தந்தது சட்டம். அதை நிரப்ப வேண்டியது நம் பொறுப்பு.

இவ்விடத்தில் உழவர் பெருமக்களின் உள்ளத்தில் எழும் ஐயம் ஒன்றைத் தீர்த்துவிட விரும்புகிறேன். "சவுக்கு வெட்டவும் கரும்பு வெட்டவும் ஆட்களுக்கு முன்பணம் கொடுக்கிறோமே, நாங்களும் குற்றவாளிகளோ?" என்று சிலர் கேட்கிறார்கள். முன்பணம் கொடுப்பது மட்டுமே குற்றமாகாது. அம்முன்பணத்தைக் காட்டி நான்கில் ஒன்றைப் பறித்தால்தான் அது கொத்தடிமை முறையாகிறது. கூலியின்றியோ அரசு விதித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகவோ உழைக்கச் செய்தல் ஒன்று. வேறு வேலைக்குச் செல்லும் உரிமையைப் பறித்தல் இரண்டு. விரும்பிய இடத்திற்குச் சென்று வரும் உரிமையைப் பறித்தல் மூன்று. தன் பொருளையோ உழைப்பின் பயனையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையைப் பறித்தல் நான்கு. முறையான கூலி கொடுத்து, கணக்கைக் காட்டி, போக விரும்புகிறவனைப் போகவிடும் உழவர் அஞ்ச வேண்டியதில்லை.

இனி, என் சொந்தப் பிழை ஒன்றை உங்கள்முன் ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நான் பணியாற்றியபோது, செங்கல் சூளை ஒன்றைப் பார்வையிடச் சென்றேன். செல்லும் செய்தி முன்னரே அங்கு எட்டியிருந்தது. சூளைக்காரரின் கணக்குப்பிள்ளை என் அருகிலேயே நின்றார். அங்கிருந்த இருளர் குடும்பத்தாரைப் பார்த்து, "உங்களுக்கு ஏதேனும் குறை உண்டா?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை ஐயா" என்றார்கள். நானும் "குறை ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திரும்பினேன்.

சில திங்கள் கழித்து, மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் அலுவலகத்திற்கு வந்தார். அவர் அக்குடும்பத்துப் பெண்ணைக் கடைத்தெருவில் சந்தித்திருக்கிறார். குறை உண்டா என்று அவர் கேட்கவில்லை. "மாசி மகத்திற்குக் கடற்கரைக்குப் போய் வந்தீர்களா?" என்றுதான் கேட்டிருக்கிறார். மாசி மக நாளிலே இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவதும், அங்கேயே திருமணங்கள் பேசி முடிப்பதும் நீங்கள் அறிந்தவையே. அப்பெண்ணின் விடை இது: "போகச் சொன்னார்கள் அம்மா, ஆனால் பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அதனால் நாங்கள் போகவில்லை."

பிள்ளையைப் பிணையாக வைத்தால்தான் பெற்றோர் கோயிலுக்குப் போகலாம் என்றால், அது கொத்தடிமை அன்றி வேறென்ன? அலுவலர் கேட்ட கேள்விக்கு ஒன்றுமில்லை என்ற விடை கிடைத்தது. ஊரறிந்த பெண்மணி கேட்ட கேள்விக்கு உண்மை கிடைத்தது. பின்னர்க் கோட்டாட்சியரின் விசாரணை நடந்தது. அக்குடும்பத்தார் விடுதலைச் சான்று பெற்றனர். அவர்கள் அங்கே கழித்த அந்தச் சில திங்கள்களுக்கு என் கையெழுத்தும் ஒரு காரணம் என்பதை நான் இன்றளவும் மறக்கவில்லை.

தொண்டர்களின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு நாடறிந்த சான்றும் உண்டு. அரியானா மாநிலத்துப் பரிதாபாத் கல் குவாரிகளில் உழைத்தோரின் நிலை பற்றித் தொண்டு அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதம் எழுதிற்று. அக்கடிதத்தையே மனுவாக ஏற்று, 1983 டிசம்பர் 16 அன்று நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. கொத்தடிமைகளைக் கண்டறியும் பணியில் தொண்டு அமைப்புகளையும் ஈடுபடுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு வற்புறுத்தியது.

அன்பர்களே, குழுவில் அமர்பவர் கடைப்பிடிக்க வேண்டியவற்றை இனிச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, அவர் தம் சங்கத்திற்கு மட்டும் பிரதிநிதி அல்லர். கூட்டத்திற்கு முன் மகளிர் குழுக்கள், மீனவர் சங்கம், இளைஞர் மன்றம், இருளர் குடியிருப்பு ஆகியவற்றைக் கண்டு செய்தி திரட்ட வேண்டும். கூட்டம் முடிந்தபின் நடந்ததை அவர்களிடம் திரும்பிச் சொல்ல வேண்டும். கேட்காமல் பேசுபவரும், பேசியபின் திரும்பி வராதவரும் பிரதிநிதி ஆகமாட்டார்.

இரண்டாவது, பெயர்களைக் காக்க வேண்டும். இன்ன சூளையில் இன்ன குடும்பம் என்பது கிராம சபையிலோ டீக்கடையிலோ பேசத்தக்க செய்தியன்று. செய்தி முந்திச் சென்றால், இரவோடு இரவாக அக்குடும்பம் வேறிடத்திற்குக் கொண்டு செல்லப்படும். ஆதலால் தாமே ஆட்களைத் திரட்டிக்கொண்டு சென்று ஆரவாரம் செய்யாமல், கோட்டாட்சியரிடம் நேரில் தெரிவிப்பதே முறையாகும்.

மூன்றாவது, பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். விடுதலை பெற்றோரின் பெயரும் முகவரியும், அவர்தம் தொழிலும் வருவாயும், பெற்ற உதவிகளும், தொடுக்கப்பட்ட வழக்குகளும் மாவட்டக் குழுவின் பதிவேடுகளில் இருத்தல் வேண்டும் என்பது 1976-ஆம் ஆண்டு விதி. மைய அரசின் திட்டப்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை வழங்கலாம். மறுவாழ்வுத் தொகை ஆடவருக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்த நிலைகளில் 3 லட்சம் ரூபாய். இம்மறுவாழ்வுத் தொகை பொதுவாக வழக்கில் தண்டனை கிடைத்தலோடு இணைக்கப்பட்டிருப்பதால், "வழக்கு எந்நிலையில் உள்ளது?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பது உங்கள் கடமை. இவ்வாறு கேட்பதை அலுவலர்கள் குறையாக எண்ணலாகாது. நான் எண்ணமாட்டேன்.

நான்காவது, விடுதலைக்குப் பின் கைவிடலாகாது. குடும்ப அட்டை, இனச் சான்று, வீட்டுமனைப் பட்டா, வங்கிக் கணக்கு ஆகியவை இல்லாத குடும்பம் அடுத்த மழைக்காலத்திலேயே மீண்டும் முன்பணம் வாங்கும். பழைய கடனைக் கேட்டு ஆள் வந்தால் அஞ்ச வேண்டா. சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி அக்கடன் அழிந்துபோயிற்று. அதை வாங்குவதே தண்டனைக்குரிய குற்றம். கடன் கேட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால், அவருக்காக வாதாடக் குழு தன் உறுப்பினர் ஒருவரையே அனுப்பலாம். அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் சுமையும் கடன் கொடுத்தவருடையதே.

ஐந்தாவது, தமக்கோ தம் உறவினருக்கோ சூளையோ ஆலையோ குவாரியோ இருப்பின், அதனை வெளிப்படையாகக் கூறி, அவ்விசாரணையினின்று விலகி நிற்க வேண்டும். ஒரே ஊரில் வாழ்கின்ற நமக்கு இது எளிதன்று. ஆயினும் இதில் தவறினால் ஏழைகள் குழுவை நம்பமாட்டார்கள்.

இருளர் பெருமக்கள் உதவியை எதிர்பார்த்தே நிற்பவர் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. பாம்புத்தோல் வாணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டு அவர்தம் பழந்தொழில் நலிந்தபோது, 1978-இல் தோன்றியது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு, பாம்புக் கடிக்கு மருந்து செய்யப் பயன்பட்டு வருகிறது. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். தம் கையில் தொழிலும் தம் பெயரில் சங்கமும் இருந்தால் எவ்வளவு உயரலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆகவே ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்குரிய மூன்று இடங்களை "படித்தவர் இல்லை" என்று சொல்லிப் பிறரைக் கொண்டு நிரப்ப நினைப்பது பெருந்தவறு. அங்கே ஓர் இருளர் பெண்மணி அமரட்டும். நாம் கேட்கத் தெரியாத கேள்வியை அவர் கேட்பார்.

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அரசும் மக்களும் கூடி உழைத்தாலன்றிக் கிராமம் உயராது என்ற கொள்கையின் மீதே அது நிறுவப்பட்டது. சாலைக்கும் கிணற்றுக்கும் பொருந்திய அக்கொள்கை மனிதனின் விடுதலைக்கும் பொருந்தும்.

அடுத்த மாசி மகம் வரும். அன்று உங்கள் ஊரிலுள்ள சூளையிலும் ஆலையிலும் சவுக்குத் தோப்பிலும் உழைக்கும் குடும்பங்களில் யார் யார் கடற்கரைக்குச் சென்றார்கள், யார் செல்லவில்லை, ஏன் செல்லவில்லை என்று அன்போடு விசாரியுங்கள். கிடைத்த விடையை மறவாமல் குழுவின் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். என்னைப்போல், கேட்ட முதல் சொல்லோடு திரும்பிவிடாதீர்கள்.