கச்சான் காலத்துக் கல்யாணப் பூ



திருகோணமலையிலே கல்யாணத்துக்கு உகந்த மாதங்கள் பூவுக்கு உகந்த மாதங்கள் அல்ல. மார்கழி விலக்கு. ஆடியைப் பெரும்பாலோர் தள்ளி வைப்பர். ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு மழை கொட்டும்போது முற்றத்திலே பந்தல் நிற்காது. எனவே வைகாசியிலும் ஆனியிலும் ஆவணியிலும் கல்யாணங்கள் பல நடக்கின்றன. கனடாவிலும் லண்டனிலும் வாழும் உறவினருக்குப் பிள்ளைகளின் நீண்ட விடுமுறையும் அந்த நாட்களை ஒட்டியே வருவதால், இன்று நாள் பார்ப்பவர்கள் பஞ்சாங்கத்தோடு விமானச் சீட்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

அந்த மாதங்களிலேதான் நமது கரையிலே கச்சான் வீசுகின்றது. கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைத்துக் கொள்ளும் நேயர்கள் பொறுத்தருள்க. நான் சொல்வது தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து, ஈரமெல்லாம் இழந்து வந்து சேரும் காற்றை. அது படுமிடத்தில் விடியற்காலையிலே கட்டிய மாலை முகூர்த்தத்துக்கு முன்பே சோர்ந்து விடும். ஆகவே மலைநாட்டுப் பூக்களைக் கொழும்பிலிருந்து இரவு வாகனத்திலே இறக்குகிறார்கள். வசதி குறைந்த வீட்டார் பிளாஸ்டிக் பூவோடு அமைகிறார்கள். பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டுச் செய்யும் செலவுகளிலே இந்தப் பூச்செலவும் ஒன்றாகி விட்டது. நமது மண்ணிலே இந்த வேனிலில் தானாகப் பூப்பவற்றைக் கொண்டு ஒரு கல்யாணத்தை ஒப்பேற்ற முடியாதா? இந்தக் கேள்விக்கு இலக்கியத்திலே விடை தேடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தேடினால் கிடைக்கிறது.

முதலில் நமது ஊர்ப் பதிகத்தைப் பார்ப்போம். திருஞானசம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தின் ஒரு பாடலிலே புன்னை, முல்லை, மாதவி, மௌவல், வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து என எட்டுப் பூக்களைச் சொல்கிறார். கோயிலைச் சூழ்ந்த சோலையின் வருணனை அது. கோணேசர் கோயிலிலே நடக்கும் கல்யாணத்துக்கு இதைவிட நல்ல பட்டியல் வேறு உண்டோ என்று சிலர் கேட்பர். நான் அப்படிக் கொள்ள மாட்டேன். சம்பந்தர் இராமேசுவரத்திலே இருந்தபடியே இத்தலத்தைப் பாடினார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. இது கண்டு எழுதிய கணக்கு அல்ல. ஒரு திருத்தலத்தின் சோலையிலே எவை இருக்க வேண்டும் என்ற தமிழ் மரபின் நினைவு. எட்டிலே சிலவற்றை இங்கே தேடி அலைய வேண்டியிருக்கும். புன்னையோ கடற்கரையிலேயே நிற்கிறது.

அகநானூற்றிலே உள்ள இரண்டு கல்யாணப் பாடல்கள் இதைவிடப் பயன் தருவன. எண்பத்தாறாம் பாடல் நல்லாவூர் கிழாருடையது; நூற்று முப்பத்தாறாம் பாடல் விற்றூற்று மூதெயினனாருடையது. இரண்டிலும் மணல் பரப்பிய பந்தல் உண்டு. தாலியும் தீவலமும் இல்லை என்பதைப் பலரும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். முன்னதிலே பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணமகளை நீராட்டுகிறார்கள். அந்த நீரிலே பூவும் நெல்லும் கலந்திருக்கின்றன. அவை அவளுடைய கூந்தலிலே தங்கி விடுகின்றன. பின்னதிலே விருந்து இறைச்சியும் நெய்யும் சேர்ந்த வெண்சோறு. நமது சைவக் கல்யாணப் பந்தியிலே இதைச் சத்தமாகச் சொல்லாதிருப்பது நல்லது.

நான் வியப்பது அந்தப் பின்னைய பாடலிலே மணமகளுக்குச் சூட்டும் நூலைத்தான். வாகையின் கவர்த்த இலையையும், கன்று மேய்ந்த பள்ளத்திலே வளர்ந்த அறுகின் அரும்பையும் வெண்ணூலிலே சேர்த்துச் சூட்டுகிறார்கள். விலை கொடுத்து வாங்கியது அதிலே எதுவும் இல்லை. வாகைக்கு நல்ல பூ உண்டு, மணமும் உண்டு. ஆயினும் அவர்கள் எடுத்தது இலையை. ஏன் என்று புலவர் சொல்லவில்லை. வாகைப் பூவைக் கையிலே எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நூல் நூலாக விரிந்த அந்தப் பூ வெயில் ஏறுவதற்குள் துவண்டு விடும். இலை நிற்கும்.

அந்த அறுகு இன்றும் நம்மை விட்டுப் போகவில்லை. மணமக்களை வாழ்த்த நாம் தூவுவது அறுகரிசி. நீராட்டுக்கு முன் தலையிலே பாலறுகு வைக்கிறோம். ஐயர் இல்லாத அந்தப் பழைய கல்யாணத்திலிருந்து ஐயர் வந்து நடத்தும் இன்றைய கல்யாணம் வரை இடையறாது வந்தது இந்தப் புல் ஒன்றுதான் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. பாடலிலே அறுகு முதல் மழைக்குத் துளிர்த்தது. நமக்கு ஆனியிலே மழை ஏது? மேட்டு நிலத்து அறுகு காய்ந்து கிடக்கும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் பாயும் கந்தளாய், அல்லைப் பகுதி வாய்க்கால் கரைகளிலும் வீட்டுக் கிணற்றடியிலும்தான் பசிய அறுகு கிடைக்கும்.

இனிப் பூக்களுக்கு வருவோம். சித்திரை, வைகாசியிலே திருக்கொன்றை இலையுதிர்த்துப் பொன்னாகத் தொங்குகிறது. அதை மாலையாகக் கட்ட முயலவே வேண்டாம். ஊசி பட்டதும் இதழ் உதிரும். சரத்தைக் காம்போடு விடியுமுன் வெட்டி, தண்ணீரிலே நிறுத்தி வைத்து, கடைசி நேரத்திலே பந்தற் காலில் தலைகீழாகக் கட்டினால் முகூர்த்தம் வரை தாங்கும். கொன்றை சிவனுக்குரியது, மனிதர் சூடலாமா என்று கேட்பவர்களுக்கும் இது ஏற்புடையதே: பந்தல் சூடுகிறது, மனிதர் சூடவில்லை.

ஆனி, ஆவணிக் கல்யாணத்துக்குக் குளங்களே துணை. வற்றாத குளத்திலே தாமரை மொட்டும் நீலோற்பலமும் உண்டு. நீலோற்பலம் பிற்பகலிலே கூம்பி விடும். காலை முகூர்த்தத்துக்கு மட்டும் கொள்க. தாமரை மொட்டின் புறவிதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்து விட்டால் அது விரிந்த பூவைவிட நெடுநேரம் நிற்கும். எதைப் பறித்தாலும் நனைத்த வாழையிலையிலே சுற்றி நிழலிலே வைக்க வேண்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீடுகளிலே மணமகளின் கைக்கு மருதோன்றி அரைப்பார்கள். பூ வாடினாலும் அது வாடுவதில்லை.

புன்னையைப் பற்றி ஒரு சொல். நற்றிணை நூற்று எழுபத்திரண்டாம் பாடலிலே ஒரு பெண் புன்னை நிழலிலே காதலனோடு நகையாட நாணுகிறாள். பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த அந்த மரம் உனக்குத் தமக்கை என்று தாய் சொல்லியிருக்கிறாள். கிளையை முறிக்க வருபவர் அந்தப் பாடலை ஒருமுறை வாசித்துவிட்டு வரட்டும். கீழே உதிர்ந்த பூவைப் பொறுக்கித் தட்டத்திலே தண்ணீர் ஊற்றி மிதக்க விட்டாலே வீடு மணக்கும்.

அடம்பன் கொடியைத் தொட வேண்டாம் என்பேன். நிலாவெளி, உப்புவெளிக் கரையிலே வைக்கும் கல்யாணங்களுக்கு அதன் ஊதாப் பூ அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது நண்பகலுக்குள் சுருங்கும். மேலும் கரை மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நமது பழமொழி. 2004 மார்கழியிலே கடல் ஏறியதைக் கண்ட ஊர், திரண்ட கொடியைப் பிய்த்துப் பந்தலிலே கட்டக் கூடாது. கார்த்திகைப் பூவையும் விட்டு விடுங்கள். அது மழைக்காலத்துப் பூ. கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. சரணாலயக் காடுகளிலே பறிப்பது சட்டத்துக்கு மாறு; வேலி, வளவு, குளக்கட்டு இவையே நமக்குப் போதும்.

ஆனால் வேலியிலே நிற்பதன் பெயர் தெரிய வேண்டுமே! சம்பூர் மக்கள் 2006 இலே இடம்பெயர்ந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேதான் தங்கள் காணிகளுக்கு மீண்டனர். முகாமிலே பிறந்த பிள்ளை எந்த வாய்க்கால் கரையிலே அறுகு பிடுங்கிப் பழகியிருக்கும்? வாகை எது, குருந்து எது என்று காட்டிக் கொடுக்க வேண்டிய பாட்டிமார் பலர் அந்த ஆண்டுகளிலேயே போய்விட்டார்கள். குருந்து, பற்றைக் காட்டிலே வளரும் காட்டெலுமிச்சை என்று சொன்னால்தான் இன்று நமது மாணவனுக்கு விளங்குகிறது. பாட்டிலே பெயர் இருக்கிறது. பற்றையிலே செடி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆள் குறைந்து வருகிறது. கல்யாண வீட்டிலே நாலு பிள்ளைகளை அதிகாலையிலே பூவெடுக்க அனுப்புவதாயின், பெயர் தெரிந்த ஒரு முதியவரையும் கூடவே அனுப்புங்கள்.

கடைசியாக முள்முருக்கு. கன்னிக்கால் ஊன்ற அந்தத் தடியைத்தான் நாம் தேடுகிறோம். வெட்டி நட்டால் வேர் விடும் மரம் என்பதாலேயே அதைத் தேர்ந்தார்கள் போலும். வேனிலிலே நடும் கால் ஆகையால், பந்தல் பிரித்த பின்னும் மழை பிறக்கும் வரை அதற்கு மாலைதோறும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். நகரத்திலே உள்ளவர்கள் சுற்றி முட்கம்பும் கட்டி வைப்பது நல்லது. கோட்டையிலிருந்து இறங்கி வரும் மான்கள் தளிரைக் கண்டால் விடுவதில்லை.