விரலும் சொல்லும்

சுரண்டையிலே பிறந்து வளர்ந்தவனுக்குப் பணியாரக் கல்லை இன்னதென்று சொல்ல ஒருவர் வேண்டுமா? ஜப்பான் நாட்டு ஒசாகா நகரில், தோத்தன்போரிக் கால்வாயை அடுத்த தெருவொன்றில் நான் கண்டது நம் வீட்டுக் கல்லே போல இருந்தது. குழிதோறும் மாவை வார்த்துக் கூரிய கம்பியால் புரட்டிக்கொண்டிருந்தார் ஒருவர்.

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. விரலை நீட்டி, "கொரே ஓ குதசாய்" என்றேன். புத்தகம் பார்த்துக் கற்ற ஒரே தொடர் அது. 'கொரே' என்றால் இது; 'ஓ' என்பது நம் 'ஐ' உருபு போன்றது; 'குதசாய்' என்றால் தாருங்கள். 'இதைத் தாருங்கள்' என்னும் தமிழ் வரிசையிலேயே சொற்கள் அமைந்துவிட்டன. ஆங்கிலேயனுக்கு இந்த வசதி இல்லையே என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி ஒரு வாயோடு தீர்ந்தது. நான் புலால் உண்ணாதவன். உள்ளே இருந்ததோ பேய்க்கணவாய்த் துண்டு! 'தாகோ' என்பது அதன் பெயர். 1935ஆம் ஆண்டு வாக்கில் அந்நகரில் உருவான 'தாகோயாகி' என்னும் பண்டம் அது. மேலே சூட்டில் நெளிந்தாடிய சீவல்களை நான் மரச்சீவல் என்றே எண்ணியிருந்தேன். அவை சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திச் சீவியவை; நம் கடற்கரையார் மாசி என்பார்களே, அதன் உடன்பிறப்பு. கடைக்காரர்மேல் குற்றமில்லை. கேட்டதைத்தான் கொடுத்தார்.

மறுநாள் எச்சரிக்கையானேன். அங்கே உணவுக்கடை முகப்புகளில், பண்டங்களை அச்சாகச் செய்து கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருப்பார்கள். 1932இல் இவாசாகி தகிசோ என்பவர் ஒசாகாவில் மெழுகினால் செய்து இதனை ஒரு தொழிலாகவே வளர்த்தார். மொழியறியாதவனுக்குப் பேருதவி! கோதுமைச் சேவையும் வெங்காயத்தாளும் மட்டுமே தெரிந்த கிண்ணம் ஒன்றைச் சுட்டினேன். "சகானா?" (மீன் உண்டா) என்றும் கேட்டேன். இல்லை என்று கையசைத்தார்கள். வயிறார உண்டேன்.

அந்தச் சாறே உலர்ந்த சூரைச் சீவலில் இறக்கியது என்பதைப் பிறகு அங்கே வாழும் தமிழ் நண்பர் ஒருவர் சொன்னார். சாறு வேறு, மீன் வேறு என்பதே அந்தச் சமையற்காரர் கணக்கு. 'தாஷி' என்று அச்சாற்றின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரிவதை விரல் கேட்கும்; கரைந்திருப்பதைக் கேட்க அதன் பெயர் தெரியவேண்டுமல்லவா?

சென்ற சாரல் காலத்திலே, குற்றாலத்துக்கு வந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்று சாலையோரக் கடையில் பரோட்டாவைச் சுட்டி விரல் நீட்டியது. கடைக்காரர் வழக்கம்போல் சால்னா வாளியைத் தூக்கினார். எனக்கு இந்தியும் தெரியாது. ஓடிச்சென்று வாளியைக் காட்டி, இரு கைகளையும் கோழிச் சிறகாய் அடித்துக் காட்டினேன். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே இலையைக் கையால் மறைத்துக்கொண்டார்.